வானில் பாயும் கணைகளும் மண்ணில் பிரிந்த குடும்பங்களும்

உலக நடப்பும் நம் இல்லமும்



2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள். ஜப்பான் நாட்டின் வடபகுதியில் பொழுது புலர்ந்துகொண்டிருந்த வேளை. காலை 6 மணி 2 நிமிடத்திற்கு ஹொக்கைடோ தீவிலும் அதற்குத் தெற்கே உள்ள பல மாவட்டங்களிலும் கைப்பேசிகள் ஒருசேர அலறின. ஊர்ப் பொது ஒலிபெருக்கிகளில் அபாயச் சங்கு முழங்கிற்று. வடகொரியாவிலிருந்து ஏவுகணை ஒன்று கிளம்பியிருக்கிறது என்றும், உறுதியான கட்டடத்துக்குள்ளோ நிலவறைக்குள்ளோ சென்று ஒதுங்குமாறும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. கணை கிளம்பி அப்போதே நான்கு நிமிடங்கள் கடந்துவிட்டன. மேலும் நான்கைந்து நிமிடங்களுக்குள் அது அத்தீவின் உச்சிக்கு மேலே பறந்து சென்றது. மொத்தம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் பறந்து, பசிபிக் பெருங்கடலில் விழுந்தது. எவருக்கும் காயமில்லை.

காயமில்லை என்றவுடன் செய்தித்தாளைப் படிப்பவருக்குச் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நான்கு நிமிடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது. ஒரு குழந்தை உறங்குகிறது, மற்றொன்று அழுகிறது. நடக்க மாட்டாத முதியவர் படுக்கையில் இருக்கிறார். மீன் பிடிக்கச் சென்ற கணவன் நடுக்கடலில் இருக்கிறான். யாரை முதலில் எடுப்பது? எங்கே ஓடுவது? சிற்றூரில் நிலவறைக்கு எங்கே போவது? அன்று காலை எத்தனை இல்லங்களில் இக்கேள்வி எழுந்திருக்கும்!

வடகொரியாவின் ஏவுகணைச் சோதனைகளைப் பற்றி நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். படித்துப் படித்து அது நமக்குப் பழகிப்போயிற்று. அந்நாட்டுத் தலைவரின் தோற்றத்தைப் பற்றிக் கேலி பேசுவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஆனால், கோடிக்கணக்கான மக்களின் உயிர் ஊசலாடும் இடம் அது. ஆகவே இம்மாதம் அதன் வேரையும் விளைவையும் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பிளவுண்ட தாயகம்

கொரியா ஒரே மொழி, ஒரே இனம், ஒரே பண்பாடு கொண்ட பழம்பெரும் நாடு. 1910 முதல் 1945 வரை அது ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபோது, அதன் படைகளைச் சரணடையச் செய்வதற்காக 38-ஆம் அட்சரேகையை எல்லையாகக் கொண்டு வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் புகுந்தன. தற்காலிகமாகப் போட்ட கோடு நிரந்தரமாயிற்று. 1948-இல் இரண்டு அரசுகள் தோன்றின. 1950 ஜூன் 25-ஆம் நாள் வடகொரியப் படை தெற்கே பாய்ந்தது. அமெரிக்கா தலைமையில் ஐக்கிய நாடுகள் சபையின் படை ஒருபுறமும், பின்னர் சீனப்படை மறுபுறமும் நின்று போரிட்டன. இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த பிறகு, 1953 ஜூலை 27-ஆம் நாள் பன்முன்ஜோம் என்னும் ஊரில் போர் நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அது போரை நிறுத்தி வைத்த உடன்படிக்கையே அன்றிச் சமாதான உடன்படிக்கை அன்று. சமாதான உடன்படிக்கை இன்றளவும் ஏற்படவில்லை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, படை நீக்கப்பட்ட நிலப்பகுதி ஒன்று நாட்டைக் குறுக்கே வெட்டுகிறது. பெயர்தான் படை நீக்கப்பட்ட பகுதி; அதன் இருமருங்கிலும் உலகிலேயே மிகுதியான படைகள் எதிரெதிரே நிற்கின்றன. தென்கொரியத் தலைநகர் சியோல் அந்த எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. தென்கொரிய மக்களில் பாதிப்பேர் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர்.

இப்போரில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அது கொல்லும் பங்கு அன்று, காக்கும் பங்கு. 1950-இன் இறுதியில் இந்தியா தன் 60-ஆவது பாராசூட் மருத்துவப் படைப்பிரிவைக் கொரியாவுக்கு அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அவருடைய தொண்டுக்காக மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர் நின்ற பின், தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காத்து, அவர்கள் விருப்பத்தைக் கேட்டறியும் நடுநிலை ஆணையத்துக்கு நம் ஜெனரல் திம்மையா தலைவராக இருந்தார். இரு பக்கமும் செல்ல மனமில்லாத 88 பேர் 1954-இல் இந்திய வீரர்களோடு கப்பலேறி நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தனர். தாயகம் இரண்டாகப் பிளந்தால் மனிதன் எங்கே போவான் என்பதற்கு அந்த 88 பேரே சாட்சி.

கணைகள் பிறந்த கதை

வடகொரியாவில் கிம் இல்-சுங், அவர் மகன் கிம் ஜோங்-இல், பேரன் கிம் ஜோங்-உன் என்று ஆட்சி மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தில் தங்கியுள்ளது. மக்கள் விரும்பியவாறு வெளிநாடு செல்ல முடியாது. வெளிநாட்டு வானொலியைக் கேட்க முடியாது. அங்குள்ள சிறை முகாம்களின் கொடுமையை ஐக்கிய நாடுகள் சபை அமைத்த விசாரணைக் குழு 2014-இல் விரிவாக எடுத்துரைத்தது.

இத்தகைய ஏழை நாடு ஏவுகணையில் இத்துணை நாட்டம் கொண்டது ஏன்? 1984-இல் சோவியத் நாட்டின் 'ஸ்கட்' வகையைப் பின்பற்றிச் செய்த கணையை அது சோதித்தது. 1993-இல் ஜப்பானை எட்டக்கூடிய 'நோடோங்' கணையைச் சோதித்தது. 1998 ஆகஸ்ட் 31-ஆம் நாள் ஏவிய கணை, முன்னறிவிப்பு ஏதுமின்றி ஜப்பானுக்கு மேலாகவே பறந்தது. 2006 அக்டோபர் 9-ஆம் நாள் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. 2017 செப்டம்பர் 3-ஆம் நாள் நடத்தியது ஆறாவது சோதனை.

இதற்கிடையே நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990-இல் சோவியத் நாடும் 1992-இல் சீனாவும் தென்கொரியாவோடு உறவு பூண்டன. ஆனால் அமெரிக்காவோ ஜப்பானோ வடகொரியாவோடு அவ்வாறு உறவு கொள்ளவில்லை. 1991-இல் சோவியத் நாடே சிதைந்துபோயிற்று. மலிவாய்க் கிடைத்த எண்ணெயும் உரமும் நின்றன. 1990-களின் நடுவில் பெரும் பஞ்சம் வந்து பல இலட்சம் பேர் மாண்டனர். 2003-இல் ஈராக்கின் ஆட்சியும் 2011-இல் லிபியாவின் ஆட்சியும் வெளிநாட்டுப் படைபலத்தால் வீழ்ந்தன. "அணுகுண்டு இல்லாதவன் அழிகிறான்" என்பதே வடகொரிய ஆட்சியாளர் இவற்றிலிருந்து கற்ற பாடம்.

அச்சத்தைப் புரிந்துகொள்வது அதனால் விளைந்த செயலை ஏற்றுக்கொள்வதாகாது. பஞ்சத்தில் மக்கள் மடிந்த ஆண்டுகளிலும் கணைத் தொழில் நின்றபாடில்லை. பிள்ளைகளின் பசியை ஆற்றாது வாசலில் துப்பாக்கியை மாட்டிவைக்கும் குடும்பத் தலைவனை நாம் வீரன் என்று சொல்லமாட்டோம்.

மூன்று நாடுகள், மூன்று அச்சங்கள்

கணைகளின் தொலைவுக்கேற்ப அவற்றின் குறியும் மாறுகிறது. சில நூறு கிலோமீட்டர் மட்டும் செல்பவை தென்கொரியாவை நோக்கியவை. 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சோதிக்கப்பட்டுவரும் புதுவகைக் குறுந்தொலைவுக் கணைகள் தாழப் பறந்து, இறுதியில் வழி மாறிச் செல்பவை. ஆதலால் தடுப்பது கடினம். நடுத்தரத் தொலைவு செல்பவை ஜப்பானையும், அங்கும் குவாம் தீவிலும் உள்ள அமெரிக்கத் தளங்களையும் எட்டும். கண்டம் விட்டுக் கண்டம் பாய்பவை அமெரிக்காவையே எட்டும்.

நெடுந்தொலைவுக் கணையை அண்டை நாடுகளுக்கு மேலாகச் செலுத்தாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. குறுகிய சந்தில் நிற்கும் சிறுவன் கல்லை நேர்மேலே எறிவதுபோல, கணையை மிக உயரத்துக்குச் செலுத்தி அருகிலேயே விழச் செய்வதுதான் அது. 2017 நவம்பர் 29-ஆம் நாள் அதிகாலை ஏவிய கணை ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் உயரம் சென்றது. ஆனால் 950 கிலோமீட்டர் தொலைவிலேயே கடலில் விழுந்தது. அதையே சாய்த்து எறிந்திருந்தால் அமெரிக்கா முழுவதும் அதன் எல்லைக்குள் அடங்கும் என்று வல்லுநர் கணக்கிட்டனர். அது விழுந்த கடற்பகுதியோ ஜப்பானிய மீனவர் மீன்பிடிக்கும் பகுதி.

எரிபொருளும் முக்கியம். திரவ எரிபொருள் கணையை ஏவுமுன் அதில் எரிபொருளை நிரப்ப வேண்டும். அந்நேரத்தில் வானத்துச் செயற்கைக் கோள்கள் அதைக் கண்டுகொள்ளலாம். திட எரிபொருள் கணையோ தீபாவளி வாணம் போன்றது. மருந்து உள்ளேயே இருக்கிறது, பற்றவைப்பதுதான் பாக்கி. 2023 ஏப்ரல் 13-ஆம் நாள் 'ஹ்வாசோங்-18' என்னும் திட எரிபொருள் நெடுந்தொலைவுக் கணையை வடகொரியா முதன்முறையாக ஏவிற்று. அன்றுமுதல் அண்டை நாடுகள் எச்சரிக்கையாக இருப்பதற்குக் கிடைக்கும் நேரம் மேலும் குறுகிற்று.

மதிலுக்கு எதிர் மதில்

நம் சிற்றூர்களில் வரப்புத் தகராறு எவ்வாறு வளர்கிறது என்பதை நாம் அறிவோம். ஒருவன் வேலியடைக்கிறான். மற்றவன் அதைவிட உயரமாய்ச் சுவர் எழுப்புகிறான். "நான் என்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்தேன்" என்று இருவரும் சத்தியம் செய்கின்றனர். இருவர் சொல்வதும் ஓரளவு உண்மையே! ஆனால் ஊருக்குள் பகை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. கிழக்கு ஆசியாவில் நிகழ்வதும் இதுவே.

2016-இல், வரும் கணையை வானிலேயே தடுத்து அழிக்கும் 'தாட்' என்னும் அமெரிக்கக் கருவியைத் தன் நாட்டில் நிறுவத் தென்கொரியா இசைந்தது. முலாம்பழத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற சோங்ஜு என்னும் வட்டாரத்தில் 2017-இல் அது நிறுவப்பட்டது. தங்கள் ஊரே முதல் குறியாகிவிடும் என்று அவ்வூர் உழவர் பெருமக்கள் சாலையில் அமர்ந்து மறித்தனர். அக்கருவியின் ராடார் தன் நாட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்று சீனா சினந்தது. தென்கொரியாவுக்குச் செல்லும் தன் சுற்றுலாப் பயணியர் கூட்டத்தை நிறுத்தியது. வடகொரியாவுக்கு எதிராக எழுப்பிய மதில், சீனாவின் முற்றத்தில் நிழலை விழச் செய்தது.

ஜப்பானிலும் இதே கதை. அகிடா, யமகுச்சி ஆகிய இரு மாவட்டங்களில் தரையில் கணைத் தடுப்பு நிலையங்கள் அமைக்க அரசு திட்டமிட்டது. தடுப்புக் கணையின் கழன்று விழும் அடிப்பாகம் குடியிருப்புகளின்மேல் விழாது என உறுதி கூற இயலாமையால், 2020-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 2022 டிசம்பரில், பகைவரின் தளத்தையே திருப்பித் தாக்கும் ஆற்றலைப் பெறுவது என்றும், நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 விழுக்காட்டளவு பாதுகாப்புக்குச் செலவிடுவதை 2027-ஐ இலக்காகக் கொள்வது என்றும் ஜப்பான் முடிவு செய்தது. அணுகுண்டின் கொடுமையை ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அனுபவித்து, போரைத் துறப்பதாக அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த நாடு அது! 2023 ஆகஸ்ட் 18-ஆம் நாள் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்றும் கேம்ப் டேவிட்டில் கூடி, கூட்டுப் பயிற்சிகளுக்கும் எச்சரிக்கைத் தகவல் பரிமாற்றத்துக்கும் உடன்பட்டன. "பார்த்தீர்களா, எங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள்" என்று கூறி வடகொரியா அடுத்த கணைக்கு ஆயத்தமாயிற்று.

பிழையாக முழங்கிய சங்கு

போர் திட்டமிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை, தவறுதலாகவும் வரலாம். 2018 ஜனவரி 13-ஆம் நாள் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில், ஏவுகணை வருகிறது, இது ஒத்திகையன்று என்ற செய்தி கைப்பேசிகளில் வந்தது. அது பிழை என்னும் மறுசெய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. 2023 மே 31-ஆம் நாள் வடகொரியா செயற்கைக் கோள் ஒன்றை ஏவ முயன்றது. அது கடலில் விழுந்தது. அன்று காலை சியோல் நகரில் அபாயச் சங்கு ஒலித்தது. வெளியேற ஆயத்தமாகுமாறு கைப்பேசிகளில் செய்தி வந்தது. எங்கே போவது, ஏன் போவது என்பது அதில் இல்லை. சிறிது நேரத்தில் அச்செய்தி தவறானது என மத்திய அமைச்சகம் அறிவித்தது.

மக்களுக்கு இத்தகைய குழப்பம் நேருமாயின், பொத்தானை அழுத்தும் அதிகாரமுள்ளவர்களுக்கும் நேராதா? தன் தலைமைக்கு ஆபத்து வந்தால் உடனே, தானாகவே அணுத்தாக்குதல் நடத்தப்படும் என்று வடகொரியா 2022 செப்டம்பரில் சட்டம் இயற்றியது. தென்கொரியாவோ, தாக்குதல் வருமெனத் தெளிவானால் முந்திக்கொண்டு தாக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. இருவரும் "முந்தாவிட்டால் அழிவேன்" என்று எண்ணும் நிலையில், பிழையாய் ஒலித்த ஒரு சங்கே உண்மையான போருக்கு வித்தாகலாம். இது போதாதென்று, தெற்கிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிப்பதை 2023 ஏப்ரலில் வடகொரியா நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு நாளும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சிறு குரலும் ஓய்ந்துபோயிற்று.

கைகூடாத பேச்சுகள்

பேசிப் பயனில்லை என்று சொல்வார் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1994 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, யோங்பியோனில் உள்ள அணு உலையை வடகொரியா நிறுத்தி வைத்தது. பதிலாக இரண்டு மின் உற்பத்தி உலைகளும், ஆண்டுதோறும் 5 இலட்சம் டன் எண்ணெயும் தருவதாக அமெரிக்கா வாக்களித்தது. எட்டாண்டுகள் அந்த உலை நின்றே இருந்தது. ஆனால் வாக்களித்த உலைகள் தாமதமாயின. வடகொரியாவோ வேறு வழியில், இரகசியமாக, யுரேனியத்தைச் செறிவூட்ட முற்பட்டது. 2003 ஜனவரியில் அணுகுண்டுப் பரவல் தடை உடன்படிக்கையிலிருந்தும் அது விலகுவதாக அறிவித்தது.

2018 ஏப்ரல் 27-ஆம் நாள் இரு கொரியாக்களின் தலைவர்களும் கைகோத்து எல்லைக் கோட்டைக் கடந்தபோது உலகமே மகிழ்ந்தது. ஜூன் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் அமெரிக்கத் தலைவர் டிரம்பும் கிம் ஜோங்-உன்னும் சந்தித்தனர். நெடுந்தொலைவுக் கணைச் சோதனை ஓராண்டுக்கு மேல் நின்றது. 2019 பிப்ரவரியில் ஹனோய் நகரில், எவ்வளவு ஆயுதத்தைக் கைவிட்டால் எவ்வளவு தடையை நீக்குவது என்ற கணக்கில் பேச்சு முறிந்தது. 2020 ஜூன் 16-ஆம் நாள், இருநாட்டுத் தொடர்புக்காகக் கேசோங்கில் கட்டிய அலுவலகத்தை வடகொரியா வெடிவைத்துத் தகர்த்தது. 2022-இல் முன்னெந்த ஆண்டையும்விட மிகுதியான கணைகள் பறந்தன.

உலகின் கண்டிப்பும் இன்று தளர்ந்துவிட்டது. 2006 முதல் 2017 வரை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை ஒன்றன்பின் ஒன்றாகத் தடைத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இரஷ்யாவும் சீனாவும் அவற்றுக்குக் கைதூக்கின. ஆனால் உக்ரேன் போரில் இரஷ்யாவுக்கு வடகொரியாவின் வெடிகுண்டுகள் தேவைப்பட்டன. 2024 மார்ச் மாதத்தில், தடைகளைக் கண்காணித்து வந்த வல்லுநர் குழுவின் பதவிக்காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தை இரஷ்யா தன் தடுப்பு வாக்கால் வீழ்த்தியது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் இரு நாடுகளும் ஒருவருக்கொருவர் உதவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கிழக்கு ஐரோப்பாவில் மூண்ட தீயின் பொறி கிழக்கு ஆசியாவிலும் வந்து விழுந்தது.

கண்ணீர் வற்றிய கண்கள்

இக்கணக்குகளுக்கு நடுவே நாம் மறக்கக்கூடாதவர் சிலர் உண்டு. 1983-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தென்கொரியத் தொலைக்காட்சி, போரில் பிரிந்துபோன உறவினரைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. சிறிது நேரத்துக்கென எண்ணியது 138 நாள்களில் 453 மணி நேரம் ஒளிபரப்பாயிற்று. பெயரும் ஊரும் எழுதிய அட்டைகளை ஏந்தி மக்கள் அந்நிலையத்தின் வாசலை நிறைத்தனர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. அவர்கள் அனைவரும் தெற்கிலேயே தொலைந்தவர்கள். வடக்கே தங்கிவிட்டவர்களை எந்த அட்டையாலும் அழைக்க முடியவில்லை.

2000 முதல் 2018 வரை இரு அரசுகளும் இசைந்து 21 முறை இத்தகைய குடும்பங்களைச் சந்திக்க வைத்தன. சில நாள்கள், சில மணி நேரம். பின்னர் பேருந்துக் கண்ணாடிக்கு இருபுறமும் கைவைத்துப் பிரிய வேண்டும். சந்திக்கப் பதிந்துகொண்டவர் 1,30,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். எஞ்சியோரில் மிகப் பலர் எண்பது வயதைக் கடந்தவர். 2018 ஆகஸ்ட் மாதத்துக்குப் பின் நேர்முகச் சந்திப்பு நடைபெறவே இல்லை. அதன் பின் கணைகள் பறந்த ஆண்டுகளில் தாய்மாரும் பிள்ளைகளும் சந்திக்கவில்லை. கடலில் விழுந்த கணைகளால் எவருக்கும் காயமில்லை என்று முதலில் கூறினோமே, அது முழு உண்மையன்று.

திருச்சபையின் குடும்பமும் அங்கே பிரிந்தே கிடக்கிறது. பியோங்யாங் மறைமாவட்டத்தின் ஆயர் ஹோங் யோங்-ஹோ ஆண்டகை 1949-இல் சிறைப்பட்டார். பின்னர் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. 1988-இல் தலைநகரில் சாங்சுங் ஆலயம் கட்டப்பட்டது. ஆனால் அங்கே நிலையாகத் தங்கிப் பணிபுரியும் குரு இல்லை. சியோல் பேராயரே பியோங்யாங் மறைமாவட்டத்தின் பொறுப்பையும் தாங்கி வருகிறார். தம் மந்தையைக் காணாத மேய்ப்பராய் இருக்கிறார். 2014 ஆகஸ்ட் 18-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் சியோல் மியோங்டோங் பேராலயத்தில் சமாதானத்துக்காகவும் ஒப்புரவுக்காகவும் திருப்பலி நிறைவேற்றினார். சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்ட பகுதியே அன்று வாசிக்கப்பட்டது. ஒரே தாய் வயிற்றுச் சகோதரரின் நாட்டில் அதைவிடப் பொருத்தமான வாசகம் எதுவாக இருக்க முடியும்?

செய்யக்கூடியவை

பெரிய கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சாளரங்களையும் அடைத்துவிட வேண்டுமா? நம் நாட்டை எண்ணிப் பார்ப்போம். இந்தியாவும் ஏவுகணை செய்கிறது, சோதிக்கிறது. பாகிஸ்தானும் அவ்வாறே. இரு நாடுகளுக்கும் உள்ள பகை சிறியதன்று. ஆயினும் 2005-இல் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்: பாய்ச்சுக் கணையைச் சோதிக்குமுன் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன்பே மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. இதனால் நட்பு மலர்ந்துவிட்டதா? இல்லை. ஆனால் தவறான எண்ணத்தால் அழிவு நேரும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. பகைவரும் ஒருவரை ஒருவர் எச்சரிக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

வடகொரியா அணுகுண்டை நாளையே கைவிடும் என எவரும் நம்புவதற்கில்லை. ஆகவே அது கைவிடும்வரை எதையும் பேசோம் என்று கதவடைப்பது, நாளைய பிழைக்கு இன்றே வழிவிடுவதாகும். சோதனைக்கு முன்னறிவிப்பு, நின்றுபோன தொலைபேசித் தொடர்பு, எல்லையில் துப்பாக்கி வெடிக்காதிருக்க ஓர் ஒழுங்கு, முதியோர் தம் உறவினரைக் காண ஒரு வாய்ப்பு, பசித்த குழந்தைக்கு உணவும் மருந்தும் தடையின்றிச் செல்ல ஒரு வழி — இவையே முதற்படிகள். அதே வேளையில், அங்குள்ள சிறை முகாம்களைப் பற்றி உலகம் வாய்மூடி இருக்கவும் கூடாது. மதில்களையும் உடனே இடித்துவிட முடியாது. சியோலில் உள்ள தாய்க்கும் தன் பிள்ளையைக் காக்கும் உரிமை உண்டு. ஆனால் மதில் எழுப்புகிறவன் வாசலையும் வைத்தே கட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை வடகொரியா கணை ஏவியது என்னும் செய்தி வரும்போது, வீட்டில் கேலியோடு அதைக் கடந்துவிடாமல், உலகப் படத்தை விரித்து அந்த இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஹொக்கைடோவில் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்ட குழந்தையைப் பற்றியும், எல்லைக்கு வடக்கே உணவின்றி வளரும் குழந்தையைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள். மாலைச் செபத்தில் அவ்விருவரையும் பிரிக்காமல் நினைவுகூருங்கள். ஓராண்டாக ஒரே தெருவில் பேசாதிருக்கும் உறவினர் நமக்கு உண்டா? முதலில் யார் பேசுவது என்று இரு வீட்டாரும் காத்திருக்கிறோமா? கொரியாவில் அவ்வாறு காத்திருந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.